சும்மா உட்கார ஓர் இடம்: உங்கள் தெருப் பூங்கா யார் கையில்?

"போனைக் கீழே வைச்சுட்டு கொஞ்ச நேரம் வெளியே நடங்க" என்று டாக்டர் முதல் மாமியார் வரை எல்லோரும் சொல்கிறார்கள். எங்கே போய் நடப்பது? தெருவில் பைக், மொட்டை மாடியில் வெயில். வருடத்துக்கு ஒருமுறை கொடைக்கானல் போய்வந்தால் தீர்கிற தேவையும் அல்ல இது. நடந்து போகிற தூரத்தில், தினமும் கால்மணி நேரம் சும்மா உட்கார ஓர் இடம் வேண்டும். அப்படி ஓர் இடம் உங்கள் பகுதிக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கலாம்.

என்ன பயன்?

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமையான இடங்களில் கழித்தவர்களே, உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் குறைவு. இதற்குக் காடு தேவையில்லை, ஒரு வேப்பமரம் போதும். அதனடியில் அவசரமில்லாமல் உட்கார்ந்தால், அணில் விடாமல் கத்துவது எதற்கு என்று தேடத் தோன்றும். பக்கத்துச் சுவரில் பூனையோ, கிளையில் வல்லூறோ இருக்கும்.

உங்கள் உரிமை

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொது உபயோகத்துக்கு விட வேண்டும். 'ஓ.எஸ்.ஆர். இடம்' என்பது இதுதான். இதைத் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், நிலம் விட வழியில்லாதபோது வழிகாட்டி மதிப்புப்படி பணம் கட்டலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து ஏக்கர் மனைப்பிரிவில் சாலைக்கு ஒன்றரை ஏக்கர் போனால், பூங்காவுக்கு 35 சென்ட் வர வேண்டும். அதாவது ஆறு கிரவுண்டுக்கு மேல். இந்த இடத்தின் மீது ஏன் இத்தனை பேருக்குக் கண் என்பது இப்போது புரியும்.

பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டே தனிச் சட்டம் வந்துவிட்டது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அந்தப் பகுதி மக்களே வழக்குத் தொடுத்தார்கள். கொடுத்தது செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எங்கே ஏமாறுகிறோம்?

முதலில் முள்வேலி வரும். பிறகு ஒரு ஷெட், அப்புறம் கார் நிறுத்தம். சில இடங்களில் சிறு கோயில் எழும்பும். எதிர்த்துப் பேச ஊரே தயங்கும். அரசுத் தரப்பிலும் தண்ணீர்த் தொட்டி, குப்பைக் கிடங்கு என்று துண்டுதுண்டாகப் போவதுண்டு.

பெரிய ஆபத்து, பூங்கா இடத்துக்கே மனை எண் போட்டு விற்பது. உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுத்த நிலத்தை மறுபடி விற்க யாருக்கும் உரிமை கிடையாது. வாங்கியவர் பணத்தையும் இழந்து கோர்ட்டுக்கும் அலைவார். மனை வாங்குமுன் அனுமதி வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். வில்லங்கச் சான்றை, மனைப்பிரிவு போட்ட வருடத்திலிருந்தே எடுங்கள்.

என்ன செய்யலாம்?

1. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி.யின் அனுமதி எண் உங்கள் கிரயப் பத்திரத்தில் இருக்கிறதா பாருங்கள். அதை வைத்து மனைப்பிரிவு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

2. கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வரைபட நகல், பூங்காவின் பரப்பு, தானப்பத்திர எண், இப்போதைய பயன்பாடு ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

3. ஆக்கிரமிப்பு இருந்தால் ஆணையருக்கோ செயல் அலுவலருக்கோ எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புதல் ரசீது வாங்குங்கள். தேதி தெரியும் புகைப்படங்களை இணையுங்கள். நகல் ஒன்றை மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். முதல்வரின் உதவி எண் 1100. கிராமமானால் கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

4. அதற்கும் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தை நாடலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது.

புகாரில் தனி ஆளாகக் கையெழுத்துப் போட வேண்டாம். குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் போங்கள்.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: அந்த இடத்தைப் பயன்படுத்துங்கள். முள் மண்டி ஆள் நடமாட்டமில்லாத பூங்காவைத்தான் முதலில் வளைக்கிறார்கள். தினமும் சாயங்காலம் பத்துப் பேர் உட்கார்ந்து, பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் வேலிக்கல் நட வருகிறவன், நாலு பேருக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நட வேண்டும்.