எல்லை தாண்டும் முன்...

என் கணவருக்கு, சிலிகுரியில் வேலை. 2023ல் பள்ளி விடுமுறைக்கு, பக்கத்து வீட்டாரும், நாங்களும், ஆளுக்கொரு காரில் காத்மாண்டு கிளம்பினோம். காக்கர்பிட்டா எல்லையில், ஆர்.சி., லைசென்ஸ் காட்டி, 'பன்சார்' கட்டணம் கட்டி, அனுமதிச் சீட்டும் வாங்கியாச்சு. 'அதான் புல் இன்சூரன்ஸ் இருக்கே'ன்னு தைரியமாக போனோம்.

மலைப்பாதையில், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியபோது, கார் பாறையில் இடித்து, முன்பக்கம் நசுங்கி விட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஊர் திரும்பி கிளெய்ம் கேட்டால், 'பாலிசியில் இந்தியான்னு தானே போட்டிருக்கு... நேபாளத்துல நடந்ததுக்கு தர முடியாதும்மா...' என்று கையை விரித்து விட்டனர். செலவான, 42 ஆயிரம் ரூபாய்க்கு, என் சீட்டுப் பணம் தான் கை கொடுத்தது.

பக்கத்து வீட்டு அக்கா, கிளம்பும் முன்பே, 500 ரூபாய் கூடுதலாக கட்டி, பாலிசியில் நேபாளத்தையும் சேர்த்திருந்தது, அப்புறம் தான் தெரிந்தது. பூடான், வங்கதேசம், இலங்கைக்கும் இப்படி சேர்க்கலாமாம்.

தோழியரே... புளியோதரை கட்டும் முன், பாலிசியை எடுத்து, 'ஜியாக்ரபிகல் ஏரியா' என்ற இடத்தைப் பாருங்கள். போகிற நாட்டின் பெயர் இல்லையென்றால், எழுத்து மூலம் சேர்த்த பின், வண்டியை எடுங்கள்!

— ஒரு வாசகி, சிலிகுரி.