இரும்புக்கை மாயாவியும் என் தம்பியும்

அண்மையில் என் பேரன் புத்தகக் கண்காட்சிக்குப் போய்விட்டு, பை நிறையப் புத்தகங்களோடு வந்தான். அதில் ஒரு காமிக்ஸ் அட்டையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். 'இரும்புக்கை மாயாவி!'

"பாட்டி, உனக்கு இவரைத் தெரியுமா?" என்றான்.

நன்றாகக் கேட்டான் போங்கள்! உங்களில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லூயிஸ் கிராண்டேல் என்பவர் ஒரு விஞ்ஞானியின் உதவியாளர். விபத்தில் வலது கை போனதால், இரும்புக் கை பொருத்தியிருப்பார். ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் அவர் மீது மின்சாரம் பாய, ஆளே மறைந்துவிடுவார். ஆனால், இரும்புக் கை மட்டும் மறையாது. அந்தரத்தில் ஒரு கை மட்டும் மிதந்து வரும்! கொஞ்ச நேரத்தில் உடம்பு மறுபடி தெரிய ஆரம்பித்துவிடும். மீண்டும் மறைய வேண்டுமானால் மீண்டும் மின்சாரத்தைத் தொட வேண்டும். முதலில் இந்தச் சக்தியை வைத்துத் திருட்டு வேலைதான் செய்வார். பிறகுதான் திருந்தி, நல்லவர்கள் பக்கம் வருவார்.

இவர் பிறந்தது இங்கிலாந்தில். 1962இல் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழில் கதை தொடங்கியது. எழுதியவர் கென் பல்மர். படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1972இல் சிவகாசியில் 'முத்து காமிக்ஸ்' தொடங்கியபோது, முதல் இதழே இவர் கதைதான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு எட்டு. எங்களுக்கு டி.வி. என்றால் என்னவென்றே தெரியாது. சென்னைக்கே 1975இல்தான் தொலைக்காட்சி வந்தது. ஆகவே, ஒரு காமிக்ஸ் கிடைத்தால் தெருவே சுற்றிச் சுற்றிப் படிக்கும். எங்கள் முறை வரும்போது அட்டை கிழிந்து, முனை எல்லாம் சுருண்டிருக்கும்.

தம்பிக்கு அப்போது எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். திண்ணையில் உட்கார்ந்து நான்தான் படித்துக் காட்டுவேன். சும்மா படிப்பேனா? குரலை மாற்றி, புத்தகத்தில் இல்லாததை எல்லாம் சேர்த்துச் சொல்வேன். ஒருநாள் கேட்டான், "அக்கா, கரண்டைத் தொட்டா நானும் மறைஞ்சுடுவேனா?"

"ஓ... மறைஞ்சுடுவியே!" என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அடுத்த வாரம், பந்து விளையாடும்போது அப்பாவின் மூக்குக் கண்ணாடியை உடைத்துவிட்டான் தம்பி. அப்பா வரும் நேரம். எங்கே ஒளிவது? பின் அறையில் சுவிட்ச் பெட்டி ஒன்று மூடி உடைந்து கிடந்தது. நேராக அதற்குள் கையை விட்டுவிட்டான்.

சத்தம் கேட்டு ஓடினேன். அவன் கை கம்பியை இறுகப் பிடித்திருந்தது. அவனை இழுக்கப் போனேன். "தொடாதே!" என்று அம்மா போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. எதிர் வீட்டு அண்ணன் ஓடிவந்து மெயினை அணைத்த பிறகுதான் தம்பி கீழே சரிந்தான்.

ஏன் அவனால் கையை எடுக்க முடியவில்லை தெரியுமா? நம் தசைகள் சுருங்குவதும், இதயம் துடிப்பதும் உடம்புக்குள் ஓடும் மிக மிகச் சிறிய மின்துடிப்புகளால்தான். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது கையில் பாய்ந்ததும் தசைகள் இறுகிவிடும். விட நினைத்தாலும் விரல் விரியாது. இதயத்தின் வழியே பாய்ந்தால் துடிப்பே தாறுமாறாகி, உயிர் போய்விடும். அவனை நான் தொட்டிருந்தால் எனக்குள்ளும் பாய்ந்திருக்கும். அதனால்தான் முதலில் மெயினை அணைக்க வேண்டும்.

தம்பி பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம். ஆனால், அவன் வலது கையில் இரண்டு விரல்கள் இன்றுவரை முழுதாக மடங்காது.

அப்பா கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நூலால் கட்டிப் போட்டுக்கொண்டார். "கரண்டைத் தொடச் சொல்லி உனக்கு யாருடா சொன்னது?" என்று மட்டும் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு நின்றேன். "யாரும் சொல்லலைப்பா" என்றான் தம்பி.

நானும் வாய் திறக்கவில்லை. அப்பா காலமாகும்வரை சொல்லவே இல்லை. கதையை நான் குறை சொல்ல மாட்டேன். அது கதை என்று அவனுக்குச் சொல்லாமல் விட்டது நான்தானே! பிறகு ஆசிரியையாகி, வகுப்பில் எத்தனையோ கதைகள் சொல்லியிருக்கிறேன். யாராவது ஒரு பிள்ளை, "நிஜமா டீச்சர்?" என்று கேட்டால், எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வரும்.

பேரன் கொண்டுவந்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே தம்பிக்குப் போன் செய்தேன். அவனுக்கும் இப்போது அறுபது தாண்டிவிட்டது.

"ஏன்டா, நான்தான் சொன்னேன்னு அன்னைக்கு அப்பாகிட்ட ஏன் சொல்லலை?"

கடகடவென்று சிரித்தான். "சொல்லியிருந்தா அப்பா புத்தகத்தைப் பிடுங்கியிருப்பாரு. அப்புறம் மீதிக் கதையை யாருக்கா எனக்குப் படிச்சுக் காட்டுவா?"