குட்டி விமானத்துக்கும் ஹாரன் வேண்டும்!

காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு பஸ்ஸில் ஏறியிருக்கிறீர்களா? மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவு வந்தாலே டிரைவர் ஹாரன் அடிப்பார். மேலே இருந்து இறங்குகிற வண்டி பதிலுக்கு அடிக்கும். ஒன்றையொன்று பார்ப்பதற்கு முன்பே, 'நான் வருகிறேன்' என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

வானத்திலும் இப்படி ஒரு ஹாரன் இருக்கிறது. அதன் பெயர் டிரான்ஸ்பாண்டர். பார்க்க கார் ஸ்டீரியோ போல இருக்கும் சின்னப் பெட்டி. தரையில் இருக்கும் ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி அனுப்பும். பெட்டி 1090 மெகாஹெர்ட்ஸில், தனக்குக் கொடுக்கப்பட்ட நான்கு இலக்க எண்ணையும் பறக்கும் உயரத்தையும் பதிலாகச் சொல்லும். பதில் சொல்லாத விமானம் பழைய வகை ரேடாரில் வெறும் புள்ளிதான். எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று தெரியாது.

உயரம் தெரியாததற்கு நம் நாடு கொடுத்த விலை பெரியது. 1996 நவம்பர் 12 மாலை, டெல்லியில் இருந்து கிளம்பிய சவுதி ஜம்போவும், டெல்லியை நோக்கி இறங்கிய கஜகஸ்தான் விமானமும் ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே மோதின. கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும். அது அதற்கும் கீழே இறங்கிவிட்டது. கட்டுப்பாட்டு அதிகாரியின் திரையில் உயரம் தெரிய வழியில்லை. 349 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது.

"அதெல்லாம் பெரிய விமானம். மூணு பேர் போகிற குட்டி விமானத்துக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். 1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே செரிடோஸ் என்ற ஊரின் மேலே, மூன்று பேர் இருந்த பைப்பர் விமானம் பயணிகள் ஜெட்டின் வால் பகுதியில் மோதியது. கீழே வீடுகளில் இருந்தவர்களையும் சேர்த்து 82 பேர் பலி. இத்தனைக்கும் பைப்பரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. ஆனால், உயரம் சொல்லாத வகை!

அதனால் பெட்டியை மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. உயரத்தை அளந்து சொல்லும் என்கோடர் என்ற உறுப்பையும் சேர்த்தே பொருத்த வேண்டும். வெளிக்காற்றின் அழுத்தத்தை உயரமானிக்குக் கொண்டுபோகும் குழாயில் இருந்து இதற்கு ஒரு கிளை எடுப்பார்கள். அந்த இணைப்பில் மயிரிழைக் கசிவு இருந்தாலும் உயரம் தப்பாகப் போகும். என்னைக் கேட்டால், உயரமே சொல்லாததைவிடத் தப்பாகச் சொல்வதுதான் மோசம். எல்லோரும் அதை நம்பிவிடுவார்களே!

ஆன்டெனா சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். அதை விமானத்தின் அடிவயிற்றில் பொருத்துவார்கள். உலோக உடம்பாக இருந்தால் நல்லது. ஃபைபர் அல்லது துணி போர்த்திய விமானம் என்றால், உள்ளே ஒரு உலோகத் தகடு வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அலை சரியாகப் பரவாது. கடைசியில் விமானத்தின் எடைக் கணக்கைத் திருத்தி எழுதி, சோதனைக் கருவியால் கேள்வி கேட்டு, உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்துப் போட்ட பிறகே பறக்கலாம்.

சரி, மலை மறைத்தால்? கொல்லிமலை 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். அதற்குப் பின்னால் தாழ்வாகப் பறக்கும் குட்டி விமானத்தை, இந்தப் பக்கம் சமவெளியில் இருக்கும் ரேடார் பார்க்க முடியாது. ரேடார் அலை மலையைத் துளைத்துப் போகாது. ஆனால், மேலே போகிற பயணிகள் விமானத்தின் மோதல் தவிர்ப்புக் கருவி தானே நேரடியாகக் கேள்வி கேட்கும். குட்டி விமானம் உயரத்தோடு பதில் சொன்னால், 'ஏறு' என்றோ 'இறங்கு' என்றோ தன் பைலட்டுக்கு அது கட்டளை தரும். டிரான்ஸ்பாண்டரே இல்லாத விமானம் அந்தக் கருவியின் கண்ணில் படவே படாது.

இன்னொரு சுவாரஸ்யம். விமானி எண்ணை மாற்றுவதை ஆங்கிலத்தில் 'ஸ்குவாக்' என்பார்கள். கிளி கத்துவது என்று அர்த்தம். இரண்டாம் உலகப் போரில் இந்தக் கருவியின் முன்னோடிக்கு 'கிளி' என்பதுதான் சங்கேதப் பெயராம். 7700 என்று வைத்தால் ஆபத்து, 7600 ரேடியோ பழுது, 7500 கடத்தல். எண்ணைத் திருப்பும்போது தவறிப்போய்க்கூட 7500 வந்துவிடக் கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லிக் கொடுப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுப்பார்கள். ஓடுபாதையில் ஏறுவதற்கு முன், குமிழ் 'ஸ்டாண்ட்பை'யில் இருந்து 'ஆல்ட்' நிலைக்கு வந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலின் அமேசான் காட்டுக்கு மேலே, ஒரு புத்தம்புது ஜெட்டில் டிரான்ஸ்பாண்டர் வேலை செய்யாமல் இருந்ததை அதன் விமானிகள் கவனிக்கவில்லை. எதிரே வந்த பயணிகள் விமானத்தில் இருந்த 154 பேரும் இறந்தார்கள்.