பகிர்வுத் தரவுக் குறிப்பேடுகளுக்கான மேகக் கணிமைத் திட்டமிடல்

தரவுக் குறிப்பேடு என்பது நிரல், அதன் விடை, வரைபடம், விளக்க உரை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் கொண்ட கணினி ஆவணம் ஆகும். ஒரு வகுப்பிலோ ஆய்வுக் குழுவிலோ உள்ள பலர், மேகக் கணிமையில் வாடகைக்கு எடுத்த ஒரு பொது வழங்கியில் உலாவி வழியாகத் தத்தம் குறிப்பேடுகளை இயக்குவது பகிர்வு முறை எனப்படும். இதற்கு எவ்வளவு நினைவகம், செயலி, வட்டு இடம் தேவை என்பதையும், அவை எவ்வளவு நேரம் இயங்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிடுவதே திட்டமிடல். கணக்கு குறைந்தால் பாட வேளையின் நடுவே மாணவர்களின் வேலை நின்றுபோகும்; கூடினால் சில மாதங்களில் பணம் தீர்ந்து வசதியே மூடப்படும்.

பின்னணி

குறிப்பேடுகளில் பரவலாகப் பயன்படுவது ஜூபிட்டர். ஐபைத்தான் என்னும் திட்டத்திலிருந்து 2014-இல் இது தனித் திட்டமாகப் பிரிந்தது. ஜூலியா, பைத்தான், ஆர் ஆகிய மூன்று நிரல் மொழிகளின் பெயர்களிலிருந்து இதன் பெயர் அமைந்தது. பலர் ஒரே வழங்கியைப் பகிர்ந்துகொள்ள உதவும் மென்பொருள் ஜூபிட்டர்ஹப். இது கட்டற்ற மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் இல்லை. செலவு முழுவதும் வழங்கிக்கே.

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், பெர்க்லியில் 2015-இல் தொடங்கிய ‘டேட்டா 8’ என்னும் அறிமுகப் பாடம் இம்முறைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஒரே பருவத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயிலும் அளவுக்கு அது வளர்ந்தது. மாணவர்கள் எந்த மென்பொருளையும் தம் கணினியில் நிறுவத் தேவையில்லை. பழைய மடிக்கணினி வைத்திருப்பவரும் புதியது வைத்திருப்பவரும் ஒரே வேகத்தில் பயிற்சி செய்ய முடிகிறது.

நினைவகமே முதல் அளவுகோல்

ஒரு குறிப்பேட்டைத் திறந்தவுடன் அதற்கென ‘கெர்னல்’ என்னும் தனி இயக்கம் தொடங்குகிறது. ஏற்றிய தரவு அனைத்தும் அதன் நினைவகத்தில் தங்கும். மாணவர் அடுத்த வரியை யோசித்துக்கொண்டு சும்மா இருந்தாலும் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. செயலி அப்படியல்ல, ஒருவர் யோசிக்கும் நேரத்தில் அது மற்றொருவருக்கு உழைக்கும். ஆகவே செயலி போதாவிட்டால் வேலை மெதுவாகும். நினைவகம் போதாவிட்டால் கெர்னல் நிறுத்தப்படும்; சேமித்த கோப்பு இருக்கும், ஆனால் அதுவரை கணக்கிட்டு வைத்த மதிப்புகள் அழிந்துவிடும். தேர்வு நேரத்தில் இது நேர்ந்தால் மாணவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கணக்கிடும் முறை

சிறு வகுப்புகளுக்கென உருவாக்கப்பட்ட ‘தி லிட்டிலெஸ்ட் ஜூபிட்டர்ஹப்’, ஒரே வழங்கியில் சுமார் 100 பேர் வரை பயன்படுத்துவதற்கு ஏற்றது. அதன் கையேடு பின்வரும் சூத்திரங்களைத் தருகிறது:

- நினைவகம் = (ஒரே நேரத்தில் இருப்போர் × ஒருவருக்கான உச்ச நினைவகம்) + 128 எம்பி
- செயலி = (ஒரே நேரத்தில் இருப்போர் × ஒருவருக்கான உச்சச் செயலிப் பங்கு) + 20%
- வட்டு = (மொத்தப் பயனர்கள் × ஒருவருக்கான வட்டு இடம்) + 2 ஜிபி

முதல் இரண்டில் வருவது ஒரே நேரத்தில் இருப்போரின் எண்ணிக்கை. மூன்றாவதில் மட்டுமே பெயர்ப் பதிவேட்டின் எண்ணிக்கை.

எடுத்துக்காட்டாக, 60 பேர் உள்ள வகுப்பில் ஒரே நேரத்தில் 40 பேர் வேலை செய்வதாகக் கொள்வோம். ஆசிரியர் பாடத்தின் மிகக் கனமான குறிப்பேட்டைத் தாமே முழுவதும் இயக்கிப் பார்த்து, ஒருவருக்கு 1 ஜிபி தேவை என்று அளக்கிறார். மொத்தம் 40 ஜிபிக்குச் சற்று அதிகம். மேக நிறுவனங்களின் வழங்கிகள் பெரும்பாலும் 16, 32, 64 ஜிபி என இரட்டிப்பாகவே கிடைப்பதால் 64 ஜிபி எடுக்க நேரும். அதே தரவுக் கோப்பிலிருந்து பாடத்திற்கு வேண்டாத நிரல்களை, அதாவது அட்டவணையின் செங்குத்து வரிசைகளை, நீக்கியபின் தேவை 700 எம்பியாகக் குறைகிறது என்றால், மொத்தம் சுமார் 28 ஜிபி. இப்போது 32 ஜிபி வழங்கி போதும். ஒரே வகை வழங்கிகளில் அளவு பாதியானால் வாடகையும் ஏறத்தாழப் பாதியாகும்.

ஒருவருக்குச் செயலியின் பத்தில் ஒரு பங்கு எனக் கொண்டால் 4.8 வரும்; 8 செயலிகள் உள்ள வழங்கி போதுமானது. ஒருவருக்கு 2 ஜிபி வட்டு என்றால் 60 பேருக்கும் சேர்த்து 122 ஜிபி ஆகும்.

இயங்கும் நேரம்

வழங்கி இயங்கும் நேரத்திற்கே வாடகை. 30 நாள் மாதம் முழுவதும் இயங்கினால் 720 மணி. வகுப்பு நாளுக்கு 4 மணி வீதம் 22 நாள் மட்டும் என்றால் 88 மணி. ஆனால் பகலில் கணினி கிடைக்காமல், இரவில்தான் வீட்டில் உள்ளவரின் மடிக்கணினியை வாங்கிப் படிக்கும் மாணவரும் இருப்பார். அவருக்காக நாள்தோறும் இரவு 7 முதல் 10 வரை திறந்து வைத்தாலும் கூடுவது 90 மணியே. மொத்தம் 178 மணி. முழுநேரத்தில் கால் பங்குக்கும் குறைவு. எனவே நேர அட்டவணையை மாணவர்களைக் கேட்டு அமைப்பது நல்லது.

செலவைக் குறைக்கும் பிற வழிகள்

- பயன்பாடின்றி இருக்கும் குறிப்பேடுகளைக் குறிப்பிட்ட நேரத்திற்குப்பின் தானாக மூடும் வசதி ஜூபிட்டர்ஹப்பில் உண்டு. இடைவேளை நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இந்த அளவை வைப்பது பொருத்தம்.
- ஒவ்வொருவருக்கும் நினைவக உச்சவரம்பு வைக்க வேண்டும். இல்லையெனில் ஒருவரின் பிழையான நிரல் வகுப்பு முழுவதையும் முடக்கிவிடும்.
- பொதுத் தரவுக் கோப்பை, படிக்க மட்டும் இயலும் ஒரே கோப்புறையில் வைக்கலாம். 500 எம்பி கோப்பை 60 பேரும் படியெடுத்தால் 30 ஜிபி வட்டு வீணாகும். இது வட்டைச் சேமிக்குமே தவிர நினைவகத்தைச் சேமிக்காது.
- எந்நேரமும் திரும்பப் பெறப்படக்கூடிய மலிவு வழங்கிகள் நள்ளிரவுக் கணக்கீடுகளுக்கு ஏற்றவை. பாட வேளைக்கு ஏற்றவை அல்ல.

நூற்றுக்கணக்கானோர் பயன்படுத்தும் இடங்களில் குபர்னெட்டிஸ் என்னும் மென்பொருளின் உதவியால், கூட்டத்திற்கேற்ப வழங்கிகள் கூடிக் குறையும். அங்கும் ஒரு வழங்கியில் ஒரே ஒருவர் எஞ்சியிருந்தாலும் அதை அணைக்க இயலாது. ஆகவே புதியவர்களை ஏற்கெனவே நிறைந்துவரும் வழங்கியிலேயே சேர்க்குமாறு அமைப்பர்.

கவனிக்க வேண்டியவை

வழங்கியை அணைத்தாலும் வட்டுக்கான வாடகை தொடரும். மேகத்திலிருந்து வெளியே செல்லும் தரவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. செலவு எல்லையைத் தொட்டதும் வரும் எச்சரிக்கை மின்னஞ்சல் அறிவிப்பு மட்டுமே. அது தானாக எதையும் நிறுத்தாது. பருவம் முடிந்ததும் மாணவர்கள் தம் கோப்புகளை இறக்கிக்கொள்ள நாள் குறித்து அறிவித்து, அதன்பின் வழங்கியையும் வட்டையும் நீக்க வேண்டும். முதல் வாரத்தின் உண்மையான பயன்பாட்டைப் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொண்டால், அடுத்த பருவத்திற்கான மதிப்பீடு இன்னும் துல்லியமாக அமையும்.