வலையில் ஒரு வட்டு – 11: பெட்ஸியின் பூட்டுகள்

நார்வேயின் துரொண்ட்ஹெய்ம் நகரில், என்.டி.என்.யூ. பல்கலைக்கழக வளாகத்தில் 2020 டிசம்பரில் ‘பெட்ஸி’ என்ற சூப்பர் கம்ப்யூட்டரைத் தொடங்கி வைத்தார்கள். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் நார்வேப் பெண்ணான பெட்ஸி ஸ்டெஃபான்சனின் பெயர் அது. உள்ளே 1,344 கணினிகள், ஒவ்வொன்றிலும் 128 கோர்கள். இத்தனையும் எழுதுவதும் படிப்பதும் பொதுவான ஒரு சேமிப்பில்தான்.

சென்ற வாரம், தொலைவில் இருக்கும் வட்டை ஐஸ்கஸி வழியாக மேசைக் கணினியில் சொந்த வட்டுபோல் இணைத்தோம். பெட்ஸியைப் பார்த்த பிறகு யாருக்கும் ஓர் ஆசை வரும்: அலுவலகத்தின் நான்கு கணினிகளிலும் அதே வட்டை இணைத்துவிட்டால் என்ன? இணையும். பெரும்பாலும் எச்சரிக்கைகூட வராது. சில நாட்களில் கோப்புகள் சிதையத் தொடங்கும்.

2004-ல் தரமாக வெளியான ஐஸ்கஸிக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. ‘இந்த எண்ணுள்ள பிளாக்கைக் கொடு, அந்த எண்ணில் இதை எழுது’ என்பது மட்டுமே அதன் பேச்சு. எந்த பிளாக் காலி, எது நிரம்பியது என்ற கணக்கை வைத்திருப்பது இ.எக்ஸ்.டி.4, என்.டி.எஃப்.எஸ். போன்ற கோப்பு முறைகள். அவையோ, இந்த வட்டுக்கு நான் ஒருவனே சொந்தம் என்று நம்பி, கணக்கின் பெரும்பகுதியைத் தம் கணினியின் நினைவகத்திலேயே வைத்துக்கொள்கின்றன. ஒரே பேரேட்டின் இரண்டு நகல்களை இரண்டு கணக்குப்பிள்ளைகள் தனித்தனி அறையில் உட்கார்ந்து எழுதுவதைப் போன்றது இது. முதல் கணினி நிரப்பிய பிளாக், இரண்டாவதன் கணக்கில் இன்னும் காலி. அது மேலேயே எழுதிவிடும். அழிந்ததை எந்தப் பழுதுநீக்கும் நிரலும் மீட்டுத் தராது.

ஒன்று மட்டும் எழுதட்டும், மற்றவை படிக்கட்டும் என்பதும் பாதுகாப்பல்ல. படிக்க மட்டும் என்று இணைத்தாலும், ஜர்னல் என்ற மாற்றக் குறிப்பேட்டில் முடியாத வேலை இருந்தால் இ.எக்ஸ்.டி.4 அதை முடிக்க வட்டில் எழுதும்.

பெட்ஸி எப்படித் தப்பிக்கிறது? அங்கே கணக்கிடும் கணினிகள் வட்டின் பிளாக்குகளை நேரடியாகத் தொடுவதில்லை. நடுவில் லஸ்டர் என்ற கோப்பு முறை இருக்கிறது. ஒவ்வொரு சேமிப்புப் பகுதியையும் ஒரு நேரத்தில் ஒரு சர்வர் மட்டுமே ஆளும். கோப்பின் ஒரு பகுதியில் எழுத வேண்டிய கணினி முதலில் பூட்டு வாங்க வேண்டும். வேறொருவர் கேட்டால், கையிலிருப்பதை எழுதி முடித்துப் பூட்டைத் திருப்பித் தர வேண்டும். பதில் சொல்லாத கணினியை சர்வர் வெளியேற்றிவிடும். கடுமைதான், ஆனால் மௌனமாகிவிட்ட ஒரு கணினி திடீரென விழித்துப் பழைய கணக்கோடு எழுதுவதைவிடப் பெரிய ஆபத்து இங்கே இல்லை. இந்தப் பூட்டு முறையின் வேர் 1980-களில் வாக்ஸ் கணினிகளை ஒன்றிணைத்த கிளஸ்டர்களில் இருக்கிறது.

பிளாக்கைத்தான் பகிர்வேன் என்றால் ஜி.எஃப்.எஸ்.2, ஓ.சி.எஃப்.எஸ்.2 என்ற கோப்பு முறைகள் லினக்ஸில் உண்டு. 2006 முதலே கெர்னலில் இருக்கின்றன. அவற்றுக்கும் பூட்டு வேண்டும், செயலிழந்த கணினியைத் துண்டிக்கும் ஏற்பாடும் வேண்டும். நான்கு மேசைக் கணினிகளுக்கு இந்தச் சுமை தேவையில்லை என்பதே என் கருத்து. ஒரே கணினியில் வட்டை இணைத்து, சாம்பா அல்லது என்.எஃப்.எஸ். வழியாக மற்றவர்களுக்குக் கோப்புகளாகக் கொடுங்கள். தனித்தனி வட்டுதான் வேண்டுமென்றால், சேமிப்பைத் துண்டு போட்டு ஆளுக்கொன்றாகப் பிரித்துவிடுங்கள்.

எப்படிப் பிரித்தாலும், இ.எக்ஸ்.டி.4-ல் எம்.எம்.பி. என்ற வசதியை இயக்கி வையுங்கள். லஸ்டர் உலகிலிருந்து வந்து 2011-ல் லினக்ஸில் சேர்ந்தது. வட்டை ஆளும் கணினி சில நொடிகளுக்கு ஒருமுறை அதில் ஒரு குறியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எழுதும் உரிமையோடு இன்னொரு கணினி இணைய வந்தால், அந்தக் குறி மாறுவதைப் பார்த்து இணைப்பு மறுக்கப்படும்.

(தொடரும்)