எண்ணுக்கும் ஒரு பெயர் வேண்டும்

தாபோடியைத் தாண்டினால் போசரி, பிம்ப்ரி, சிஞ்ச்வட் என்று தொழிற்சாலைகள்தான். நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளில் சிலர் அங்கே மெஷின்களை இயக்கும் பி.எல்.சி. பெட்டிக்குப் புரோகிராம் எழுதுகிறார்கள். கல்லூரியில் 'சி' மொழி படித்துவிட்டு வந்தவர்கள் முதலில் கேட்பது, "இதுல டிஃபைன் எங்கே இருக்கு?" என்பதுதான். அதற்கு விடை சொல்வதே இக்கட்டுரை.

டிஃபைன் என்பது ஓர் எண்ணுக்கோ, ஒரு வரிக்கோ பெயர் சூட்டி, பிறகு பெயரை மட்டும் வழங்குவது. இது நமக்குப் புதிதல்ல. சமண முனிவர் பவணந்தி நன்னூலில் சொன்ன 32 உத்திகளில் 'தன்குறி வழக்கம்' இதுவேதான். நூலாசிரியர் தாம் இட்ட குறியைத் தாமே பலமுறை ஆளுவது. யாப்பருங்கலக்காரிகையில் நேர்நேர் அசைக்குத் 'தேமா' என்ற பெயர் நிற்பதும் இந்த வகைதான்.

பி.எல்.சி. பிறந்த கதை வேறு. ஜெனரல் மோட்டார்ஸ் 1968இல் ரிலே பலகைகளுக்கு மாற்றுக் கேட்டது; டிக் மோர்லி குழுவினரின் மோடிகான் 084 அடுத்த ஆண்டு வந்தது. எலக்ட்ரீஷியன் படிக்கத்தக்க ஏணிப்படமே அதன் மொழி. 1970களில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய 'சி' கணினிக்காரர்களுக்கானது. ஆகவே 'சி'யில் உள்ள மேக்ரோ வசதி, 1993இல் வெளியான ஐ.ஈ.சி. 61131-3 தரத்தில் இடம்பெறவில்லை. ஆனால் மாறிலிக்கு இடம் உண்டு. 'வார் குளோபல் கான்ஸ்டன்ட்' என்று ஒரு பகுதி திறந்து, பெயர், வகை, மதிப்பு மூன்றும் எழுதினால் போதும். 'சி'யின் டிஃபைனுக்கு வகை கிடையாது. இங்கே நேரம் நேரமாகவும், எண்ணிக்கை எண்ணிக்கையாகவும் நிற்கும். இது நமக்கு லாபம்.

இது எதற்கு? ஒரு மெஷினில் சக்கரம் நின்றபின்தான் கதவு திறக்க வேண்டும். அதற்கு 5 விநாடி என்று நான்கு இடத்தில் வெறும் எண்ணாக எழுதியிருக்கிறது என்று வையுங்கள். கனமான சக்கரம் மாட்டினால் 8 விநாடி ஆகும். மூன்று இடத்தில் மாற்றி, நாலாவதை விட்டுட்டா, சுழலும் சக்கரத்துக்குள் ஒருவர் கை போகும். எல்லா 5-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினாலும் ஆபத்து. பெட்டிக்கு 5 உருப்படி என்ற கணக்கும் 8 ஆகிவிடும். 'சக்கரம்_நிற்கும்_நேரம்' என்று பெயரிட்டால் மாற்ற வேண்டியது ஒரே இடம். (அப்படியும் கதவுக்குத் தனிப் பாதுகாப்பு ரிலே அவசியம்.) ஆபரேட்டர் தினமும் மாற்றும் அளவை மட்டும் மாறிலியாக்காதீர்கள், அது திரையில் இருக்க வேண்டியது.

அடுத்தது மேக்ரோ. 'சி'யில் மேக்ரோ என்பது எழுத்தை எடுத்து அப்படியே ஒட்டுவது. இருமடங்கு(அ) என்பதற்கு அ×2 என்று எழுதி, உள்ளே 3+4 கொடுத்தால் 3+4×2 ஆகி 11 வரும். நாம் எதிர்பார்த்தது 14. பி.எல்.சி.யில் இதற்குப் பதில் ஃபங்ஷன் எழுதலாம். அது மதிப்பை முதலில் கணக்கிட்டுத்தான் உள்ளே எடுக்கும். 14 சரியாக வரும்.

ஆனால் ஃபங்ஷனுக்கு ஞாபகம் கிடையாது. பி.எல்.சி. உள்ளீட்டைப் படித்து, புரோகிராமை ஓட்டி, வெளியீட்டை எழுதி, மறுபடி முதலிலிருந்து சுற்றும். டைமர் முந்தைய சுற்றை நினைவில் வைக்க வேண்டும். அதற்கு ஃபங்ஷன் பிளாக்தான் சரி. அதிலும் ஒவ்வொரு மோட்டாருக்கும் தனிப் பிரதி வேண்டும். இரண்டு மோட்டாருக்கு ஒரே டைமரைக் கொடுத்தால், ஓடும் மோட்டாரின் நேரத்தை நிற்கும் மோட்டார் ஒவ்வொரு சுற்றிலும் அழித்துக்கொண்டே இருக்கும். ஒரே பேரேட்டில் இரண்டு பேர் கணக்கை எழுதினால் என்ன ஆகும் என்பது வியாபாரிகளுக்குத் தெரியும்.

சுருக்கமாக: மாறா எண்ணுக்கு மாறிலி, கணக்குக்கு ஃபங்ஷன், ஞாபகம் தேவையானால் ஃபங்ஷன் பிளாக். எழுதியவர் வேறு ஊர் போன பிறகும், இரவு ஷிப்டில் மெஷின் நிற்கும்போது படிக்கப்போவது இன்னொருவர். அவர் கையும் உயிரும் நாம் இட்ட பெயரை நம்பித்தான் இருக்கின்றன. அகிம்சைக்கு அந்த இடத்திலும் வேலை உண்டு.