உஷார்! வீடு சூடாவதால் ஹீட் பம்ப் ஓடுகிறது என்று நம்பிவிடாதீர்கள்

அமெரிக்காவின் வட கரோலினா, ஜார்ஜியா பக்கம் வீடு வாங்கப் போகிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடும் மே, ஜூன் மாதங்களில்தான் கேரியிலும் அட்லாண்டாவைச் சுற்றியும் நம் குடும்பங்கள் பல வீடு பார்க்க அலைகின்றன. விலை படிந்ததும் வீட்டுப் பரிசோதகர் வருவார். தெர்மோஸ்டாட்டைக் கூலிங்கில் வைப்பார். கொஞ்ச நேரத்தில் ஜில்லென்று காற்று வரும். ‘வேலை செய்கிறது’ என்று குறித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போவார். நீங்களும் நிம்மதியாகக் குடியேறிவிடுவீர்கள். அந்த இயந்திரம் குளிர்காலத்தில் ஒழுங்காக ஓடுமா என்பதை அதுவரை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்!

ஹீட் பம்ப் பார்வைக்கு ஏசி மாதிரியேதான் இருக்கும். வெளியே விசிறி வைத்த ஒரு பெட்டி, உள்ளே காற்றைத் தள்ளும் ஒரு பெட்டி, இரண்டையும் இணைக்கும் செப்புக் குழாய்கள். குழாய்க்குள் ஓடும் வாயுவின் திசையை மாற்றிவிட ஒரு வால்வு இருக்கிறது. அதுதான் ஏசிக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வேறுபாடு. கோடையில் வீட்டுக்குள் இருக்கும் சூட்டை வெளியே தள்ளும். குளிர்காலத்தில் வெளிக்காற்றில் மிச்சமிருக்கும் சூட்டை இழுத்து உள்ளே கொண்டுவரும். அந்த வால்வு கூலிங் பக்கமே சிக்கிக்கொண்டு நிற்கலாம். வெளிப்பெட்டியில் படியும் உறைபனியை உருக்கும் சர்க்யூட் கெட்டிருக்கலாம். உள்ளே துணைக்கு வைத்த ஹீட்டர் கம்பி எரிந்துபோயிருக்கலாம். ஜூன் மாதத்தில் கூலிங்கில் ஓட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கு இவற்றில் ஒன்றும் படாது.

பரிசோதகரைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளியே நல்ல வெயில் அடிக்கும்போது ஹீட்டிங்கில் ஓட்டினால் வாயுவின் அழுத்தம் எகிறி கம்ப்ரஸர் கெட்டுப்போகலாம். குளிர்காலத்தில் கூலிங்கில் ஓட்டுவதிலும் ஆபத்து உண்டு. வெளி வெப்பம் 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (ஏறக்குறைய 18 டிகிரி செல்சியஸ்) கீழே இருந்தால் கூலிங்கை இயக்கிப் பார்க்கத் தேவையில்லை என்று இன்டர்நாச்சி என்ற பரிசோதகர் சங்கத்தின் விதிமுறையே சொல்கிறது. ஆக, எந்தப் பருவத்தில் பார்த்தாலும் ஒரு பாதி விட்டுப்போகும். ‘பருவநிலை காரணமாக ஹீட்டிங் இயக்கப்படவில்லை’ என்று அறிக்கையில் எங்காவது ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். பல்லாயிரம் டாலர் செலவு அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கக்கூடும்.

குளிர்காலத்தில் வாங்குகிறவர்கள் ‘நமக்கு இந்தக் கவலை இல்லை’ என்று நினைக்க வேண்டாம். பெரிய ஏமாற்றம் அங்கேதான் காத்திருக்கிறது.

தென்கிழக்கு மாநில வீடுகளில் பலவற்றில் உள்பெட்டிக்குள் மின்சார ஹீட்டர் கம்பிகள் இருக்கும். கடுங்குளிரில் ஹீட் பம்புக்குக் கைகொடுப்பதற்காக வைத்தவை. ‘ஆக்ஸ் ஹீட்’ என்பார்கள். பரிசோதகர் வந்து தெர்மோஸ்டாட்டை 65-லிருந்து ஒரேயடியாக 75-க்குத் தூக்குகிறார் என்று வையுங்கள். இவ்வளவு பெரிய தாவலைப் பார்த்ததும் பல தெர்மோஸ்டாட்டுகள் இந்தக் கம்பிகளையும் சேர்த்துப் போட்டுவிடும். கொதிக்கக் கொதிக்கக் காற்று வரும். எல்லோருக்கும் திருப்தி. வெளியே கம்ப்ரஸர் செத்துக் கிடந்தாலும் வீடு சூடாகும்!

அப்படியே குடிபோனால் என்ன ஆகும்? கம்பி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். நல்ல நிலையில் உள்ள ஹீட் பம்ப், கடுங்குளிர் இல்லாத நாளில், அதே ஒரு யூனிட்டுக்கு இரண்டரை, மூன்று யூனிட் சூட்டைக் கொண்டுவந்து கொட்டும். 10 கிலோவாட் கம்பி 240 வோல்ட்டில் சுமார் 42 ஆம்பியர் இழுக்கிறது. குளிர்காலம் முழுக்க அது மட்டுமே ஓடினால், வீட்டைச் சூடாக்கும் செலவு இரண்டு, மூன்று மடங்காகும். சூடு குறையாததால் பழுது என்றே உங்களுக்குத் தோன்றாது. ‘அமெரிக்காவில் குளிர்காலப் பில் இப்படித்தான் வரும்போல’ என்று கட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

ஆகவே தெர்மோஸ்டாட்டை ஒன்று, இரண்டு டிகிரிக்கு மேல் ஏற்றாமல் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். திரையில் ‘ஆக்ஸ்’ என்ற எழுத்து தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள். பிறகு வெளியே போங்கள். விசிறியும் கம்ப்ரஸரும் ஓட வேண்டும். விசிறி தள்ளும் காற்று சுற்றுப்புறக் காற்றைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். ரப்பர் உறை போட்ட தடிமனான குழாய் சூடாக இருக்க வேண்டும். உறையின் மேல் தொட்டுப் பார்த்தால் போதும், செம்பில் கை வைக்காதீர்கள். உள்ளே வரும் காற்று 90, 100 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் மிதமாக இருந்தால் பயப்பட வேண்டாம், ஹீட் பம்பின் இயல்பே அது.

விற்பவரிடம் போன டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் கரண்ட் பில்லைக் கேளுங்கள். என்னைக் கேட்டால், வீட்டுக்குள் பார்க்கும் எந்தச் சோதனையையும்விட இந்த மூன்று காகிதங்களை அதிகம் நம்புவேன். தொகையோடு யூனிட் கணக்கையும் பாருங்கள். தரத் தயங்கினால் அங்கேயே நின்று யோசியுங்கள்.

குளிர்நாளில் வெளிப்பெட்டியிலிருந்து திடீரென்று ஆவி கிளம்பும், விசிறி நின்றுவிடும், ‘புஸ்’ என்று சத்தம் வரும். பலர் பதறிப்போவார்கள். சுருளில் படிந்த பனியை உருக்க இயந்திரம் தானே சில நிமிடம் திசை மாறி ஓடுகிறது, அவ்வளவுதான். வெள்ளைப் பொடிபோல் மெல்லிய பனி இருந்தாலும் குற்றமில்லை. பெட்டி முழுக்கக் கெட்டியான பனிக்கட்டி மூடியிருந்தால்தான் ஆபத்து. கூரைத் தண்ணீர் அதன் தலையில் சொட்டுகிறதா, தரையோடு தரையாக வைத்திருக்கிறார்களா, புதர் நெருக்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆளில்லாத வீடாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். காலி வீட்டில் பிரேக்கரை அணைத்து வைத்திருப்பார்கள். பல மாடல்களில் கம்ப்ரஸர் எண்ணெயைச் சூடாக வைத்திருக்க ஒரு சின்ன ஹீட்டர் உண்டு. மின்சாரம் இல்லாவிட்டால் அதுவும் குளிர்ந்துவிடும். குளிரில் வாயு திரவமாகிக் கம்ப்ரஸருக்குள் இறங்கித் தங்கிவிடும். பிரேக்கரைப் போட்ட கையோடு ஓட்டினால் கம்ப்ரஸர் உடைந்துபோக வாய்ப்பிருக்கிறது. முந்தின நாளே மின்சாரத்தைப் போட்டு வைக்கும்படி விற்பவரின் ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள்.

வெளிப்பெட்டியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தயாரித்த ஆண்டு அதில் நேராக இருக்கும், அல்லது சீரியல் எண்ணிலிருந்து கண்டுபிடிக்கலாம். பதினைந்து வயதை நெருங்கிவிட்டால் மாற்றும் செலவை விலையில் பேசிவிட வேண்டும். ‘ஆர்-22’ என்று இருந்தால் இன்னும் உஷார். அந்த வாயுவைப் புதிதாகத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் அமெரிக்காவில் 2020 ஜனவரி முதல் தேதியோடு நின்றுவிட்டன. அதிகபட்ச பிரேக்கர் அளவும் தகட்டில் இருக்கும். பேனலில் போட்டிருக்கும் பிரேக்கர் அதைவிடப் பெரிதென்றால் தீ அபாயம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் நகரக் கூடாது.

கனடாவில் ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே ஹீட் பம்போடு கேஸ் ஃபர்னஸும் சேர்ந்திருப்பது சகஜம். பம்ப் படுத்துவிட்டாலும் ஃபர்னஸ் வீட்டைச் சூடாக்கி அதை மறைத்துவிடும். அதைவிட முக்கியம், அந்த இயந்திரம் விற்பவருக்குச் சொந்தமா, வாடகையா என்பது. வாடகைக் கம்பெனிகள் வீட்டுப் பத்திரத்தின் மீது நோட்டீஸ் பதிவதை ஒன்டாரியோ அரசு 2024 ஜூனில் தடை செய்தது. ஆனாலும் மாத வாடகை ஒப்பந்தம் உயிரோடு இருக்கலாம், அதை உங்கள் தலையில் கட்டவும் பார்க்கலாம். ‘ஹீட் பம்ப் விற்பவருக்குச் சொந்தம், பாக்கி இல்லை’ என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள்.

வட கரோலினாவில் ‘டியூ டிலிஜென்ஸ்’ என்று ஒரு காலக்கெடு உண்டு. அதற்குக் கட்டும் பணம் பொதுவாகத் திரும்ப வராது. ஆனால் அந்தத் தேதிக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம், விலையைக் குறைத்துப் பேசவும் செய்யலாம். தேதி தாண்டினால் அந்தப் பிடி போய்விடும். பொதுப் பரிசோதகரோடு நிறுத்தாமல், உரிமம் பெற்ற ஹீட்டிங்-ஏசி டெக்னீஷியன் ஒருவரையும் அதற்குள் கொண்டுவந்து வால்வு, துணைக் கம்பிகள், பனி உருக்கும் சர்க்யூட் மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். வெயில் ஆரம்பித்துவிட்டால் ஏசி வேலை குவிந்து அவர்கள் கிடைப்பதே கஷ்டம். உங்கள் விலைக்கு விற்பவர் சம்மதித்த அன்றே போன் போட்டு நாள் வாங்கிவிடுங்கள்.